புள்ளி புள்ளியாகத் தெரியும் வீடியோவுக்கு

இருட்டில் எடுத்த வீடியோவில் புள்ளிகள் நெளிகின்றனவா? காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் முன், ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போய், புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸில் (Denoise) என்எல்மீன்ஸைத் (NLMeans) தேர்ந்தெடுத்து, அளவை 'லைட்' என்று வைத்துப் பாருங்கள். முழுதையும் ஓட்ட வேண்டாம். பிரிவியூவில் 10 விநாடி போதும். முகத்தையும் தலைமுடியையும் கவனியுங்கள். மெழுகு பூசியதுபோல் ஆனால் 'அல்ட்ராலைட்'டுக்கு இறங்கிவிடுங்கள்.

புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறும், சுவரும் முகமும் மாறாது. என்எல்மீன்ஸ் ஒத்த பகுதிகளைத் தேடிச் சராசரி எடுப்பதால் புள்ளி மட்டும் கரைகிறது. ஆனால் ரொம்ப மெதுவாக ஓடும். அவசரமென்றால் அதே இடத்தில் உள்ள எச்க்யூடிஎன்3டி (hqdn3d) என்ற இன்னொரு ஃபில்டர் வேகமானது.

வாட்ஸ்அப்பில் சுற்றிவந்து கட்டம் கட்டமாக உடைந்த வீடியோவுக்கு இது உதவாது.