அனுப்பாத கடிதம்: எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

சண்டை போட முடியாத ஆள் மீதுள்ள கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? எனக்கு அந்த ஆள் என் அண்ணன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவன் வரவில்லை. காரியம் முடிந்து, உறவும் ஒருவழியாகப் பழையபடி ஓடுகிறது. இப்போது போய்க் கேட்டால் வீடே இரண்டாகும். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நிலையில்தான் அனுப்பாத கடிதம் எழுதப் பழகினேன்.

இது புதிய உத்தி அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும், தோற்றுப் பின்வாங்கிய எதிரணித் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டதற்காகத் தன் தளபதி மீடுக்கு அதிபர் லிங்கன் மனக்குமுறலோடு ஒரு கடிதம் எழுதினார். அதை உறையில் போட்டு, ‘அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை’ என்று மேலே குறித்து வைத்துவிட்டார்.

படி 1: நோட்டு, பேனா

சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். அழகான டைரி வேண்டாம், அதில் கிறுக்க மனம் வராது. இன்லேண்ட் லெட்டரும் வேண்டாம். இடம் குறைவு என்பதால் சொல்ல வந்ததைச் சுருக்கிவிடுவோம். முகவரிக் கட்டத்தைப் பார்த்தாலே அனுப்பவும் கை துடிக்கும். வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதவே எழுதாதீர்கள். விரல் பட்டால் போய்விடும், அழித்தாலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று அங்கே நிற்கும்.

படி 2: முதல் வரி

நான் நெடுநாள் நகராமல் நின்ற இடம் இதுதான். பேனாவை எடுத்தால் கை தானாகவே, ‘அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல்’ என்று எழுதியது. பள்ளியில் பதிந்த பாடம். அப்படித் தொடங்கிவிட்டால் அடுத்த வரியும் அதே மரியாதையில்தான் வரும். ‘தாங்கள் வராதது வருத்தமளித்தது’ என்று எழுதினேன். அதில் வருத்தமே இல்லை.

வாயில் வருகிற பேச்சுத் தமிழில் எழுதத் தொடங்கிய பிறகுதான் வழி திறந்தது. ‘அண்ணே, அம்மா ராத்திரி பூரா உன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீ ஏன் வரல?’ இந்த ஒரு வரியை எழுதியதும் அழுகை வந்தது. அதற்கு மேல் எழுத வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். உங்கள் ஊர்ப்பேச்சு, திட்டு, பாதியில் நின்ற வாக்கியம், ஒற்றுப்பிழை எல்லாம் இருக்கட்டும். முதல் வரி வரவே இல்லையென்றால், அவரிடம் கேட்க நினைக்கும் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். நலம் விசாரிப்பை விட்டுவிடுங்கள்.

இறந்தவர்களுக்கும் இதே வழிதான். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேனின் மனைவி ஆர்லீன் 1945இல் காசநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபெய்ன்மேன் அவருக்கு எழுதிய கடிதத்தில், சேர்ந்து துணி தைக்கப் பழகியது, சீன மொழி கற்க நினைத்தது என்று வீட்டில் பேசுகிற பேச்சுதான் இருக்கிறது. அவருடைய புது முகவரி தெரியாததால் தபாலில் சேர்க்கவில்லை என்று கடைசியில் மன்னிப்பும் கேட்கிறார்.

படி 3: நேரம்

பதினைந்து, இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். 1986இல் வெளியான ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவே தெரிகிறது. ஆனாலும் நான் நம்பிச் சொல்வேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எழுதி முடித்த உடனே மனம் கனக்கும். அந்த ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. அதனால் தூங்கப் போகும் நேரத்தில் எழுதாதீர்கள். எழுதியதும் எழுந்து ஏதாவது கைவேலை பாருங்கள்.

படி 4: அடுத்தடுத்த கடிதங்கள்

முதல் கடிதம் முழுக்கத் திட்டாகவே இருக்கலாம். மூன்றாவது, நான்காவதிலும் அதே திட்டு அதே வரிசையில் வந்தால், ‘ஏன்னா’ என்று ஒரு வரியைத் தொடங்கிப் பாருங்கள். எழுத எழுதக் காரணம் சொல்லும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் கூடியவர்களுக்கே நன்மை அதிகம் என்று பென்னிபேக்கர் குழு பின்னர் கண்டது. என் கடிதத்தில் அந்த வரி, ‘ஏன்னா நான் மட்டும் ஒத்தையா நின்னேன்’ என்று வந்தது. கோபம் அவன் வராததில் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

படி 5: கிழிப்பதா, வைப்பதா?

கிழித்துவிடுங்கள் என்பது என் கட்சி. வைத்திருந்தால் திரும்பத் திரும்பப் படித்து ஆறின புண்ணைக் கீறிக்கொள்வோம். துக்கத்தில் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் சிலர் கேட்டவற்றுக்குப் பதில்.

‘கூட்டுக் குடும்பம், நோட்டை யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?’ தனித்தாளில் எழுதி, எழுந்திருக்கும் முன்பே கிழித்துவிடுங்கள். எழுதும்போதே நடக்க வேண்டியது நடந்துவிடுகிறது.

‘சாவு நடந்து ஒரு வாரம்தான் ஆகிறது, எழுதலாமா?’ கொஞ்சம் பொறுங்கள். இப்போது அழவும், கூட ஆள் இருக்கவும்தான் வேண்டும். எழுத உட்கார்ந்து தாங்க முடியாமல் போனால் உடனே நிறுத்திவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கடிதம் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இந்தியாவில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

‘தமிழ் பேச வரும், எழுத வராது’ என்றார் ஒருவர். போனில் குரல் பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த ஆளின் வாட்ஸ்அப் பக்கத்தைத் திறந்து அதில் பேசாமல், போனில் உள்ள ரெக்கார்டரில் பேசிப் பிறகு அழித்துவிடுங்கள்.