நாயைப் பொறுப்பேற்கும் முன் ஒரு வீடியோ

பிறருடைய நாயைச் சில நாட்கள் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், உரிமையாளர் அதை ஒப்படைக்கும்போதே, அவர் முன்னிலையில் சோபா, கதவின் கீழ்ப்பகுதி, கட்டில் கால்கள், ஜன்னலின் கொசுவலை ஆகியவற்றை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து, “சேதம் ஏற்பட்டால் பழுதுபார்க்கும் செலவு உங்களுடையது” என்ற வரியுடன் அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பி, “சரி” என்ற பதிலையும் பெற்றுவிடுங்கள்.

நாய் திரும்பிச் சென்ற பிறகு எழும் சச்சரவுகளில் பல, அந்தக் கீறல் முன்பே இருந்ததா என்ற கேள்வியில்தான் சிக்கிக்கொள்கின்றன. அனுப்பிய தேதியும் நேரமும் தெரியும் வீடியோ இருவரிடமும் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எதையாவது கடித்துவிட்டால், பல் பட்ட இடத்தைச் சீர்செய்வதற்கு முன் படமெடுத்து அன்றே அனுப்புங்கள். தச்சருக்கோ மெத்தை தைப்பவருக்கோ கொடுத்த கூலியைக் கேட்கலாமே தவிர, பழைய சோபாவுக்குப் புதுச் சோபாவின் விலையைக் கேட்பது நியாயமாகாது.

பஞ்சையோ ஒயரையோ நாய் விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், படமும் கணக்கும் பிறகு. முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நீண்ட நேரம் அறையில் தனியே பூட்டி வைத்ததால் அது கதவைப் பிறாண்டியிருந்தால், இந்த வீடியோ உதவாது. அந்தச் செலவு உங்களுடையதே.