ஓடிக்கொண்டே இருக்கும் அம்மாக்கள்: களைப்பைக் கூட்டும் தவறுகள்

காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்தால் ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கும்வரை உட்கார நேரமில்லை. அப்படிப்பட்ட அம்மாவிடம் "உங்களுக்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை. அந்த ஒரு மணி நேரம் கிடைக்கட்டும், பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. இப்போதே சாப்பிடும் மாத்திரையையும் குடிக்கும் காபியையும் படுக்கும் நேரத்தையும் கொஞ்சம் இடம் மாற்றினாலே உடம்பு நன்றாகத் தேறும்.

களைப்பை வயதின் மேல் போடுவது

"முப்பத்தைந்து தாண்டினாலே இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகைதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லத் தோன்றுவதும் பல பேருக்கு இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. சமையல் செய்யும்போது கை தானாக அரிசி டப்பாவுக்குப் போகிறது என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் நிறையத் தவறு நடக்கிறது. டிபன் முடித்து, டீயோடு சேர்த்து இரும்புச்சத்து மாத்திரையைப் போடுவார்கள். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் குறைவாகத்தான் உறிஞ்சும். பாலும் கால்சியம் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, அதனால் நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மூன்றையும் சாப்பிடுபவருக்கு இந்த வரிசை ஒத்துவரும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரம் கழித்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட உடனே போடலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும், மாத்திரையையே நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. ரத்தத்தில் ஏறினாலும் உடம்பின் சேமிப்பு இன்னும் நிரம்பியிருக்காது. வழக்கமாக அதற்குப் பிறகும் சுமார் 3 மாதம் சாப்பிடச் சொல்வார்கள். மாதவிலக்கு 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டிகள் போனாலோ அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் சாப்பிடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

தும்மினால் சொட்டுவதை மறைப்பது

பிரசவத்துக்குப் பிறகு இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வருஷக்கணக்கில் நாப்கின் வைத்தே சமாளிக்கிறார்கள். இது பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடியது. வாயு வெளியேறாமல் அடக்கும்போது இறுகுகிறதே, அந்தத் தசையை மட்டும் 5 விநாடி இறுக்கி, 5 விநாடி முழுக்கத் தளரவிட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதே செய்துவிடலாம்.

பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பின்புறத்தையும் இறுக்கியிருப்பார்கள். சிலர் சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவார்கள். அது கூடாது, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். வித்தியாசம் தெரிய 3 மாதம் பிடிக்கும். இரண்டே வாரத்தில் கைவிட்டால் பயனில்லை.

வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததே. கடை, பள்ளி, பஸ் என்று எங்கும் பெண்கள் இதைச் செய்கிறார்கள். இது அவர்கள் குற்றமல்ல, ஆனால் சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்படுவது அவர்கள்தான். ஒரு லிட்டர் பாட்டில் மதியத்துக்குள் காலியாகட்டும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்காதீர்கள்.

ஆறு மணிக் காபி, பதினோரு மணி ஃபோன்

காபியில் உள்ள கஃபீனில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரமாகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசிக் காபியை மூன்று மணிக்கு முன்னால் வையுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபோனோடு கிடைக்கும் அந்த நேரம் எவ்வளவு அருமையானது என்று புரிகிறது, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. படுக்கையில் வேண்டாம், ஹாலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். பாத்திரம் காலையில் கிடக்கட்டும், தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

மனசு சரியில்லை என்பதைச் சோம்பல் என்று நினைப்பது

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை இருந்தால் அது நோய், அதற்கு சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே போக வேண்டும்.