காமிக்ஸ் இதழைப் பையில் போட்டுப் பெட்டியில் வைப்பது எப்படி? புதியவர்களுக்கு, படிப்படியாக

இருபது, முப்பது இதழ் சேர்ந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அடியில் இருப்பதை உருவிப் பாருங்கள். முதுகு ஒரு பக்கமாக உருண்டு, பின் அட்டையில் இருக்க வேண்டிய ஒரு கீற்று முன்பக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்டேப்ளர் பின் அடித்த முதுகுப் பக்கம் எப்போதும் மறுபக்கத்தைவிடத் தடிமன். அடுக்கு உயர உயர அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து சாய்வாகிறது, கீழே இருப்பது நசுங்குகிறது. முன் அட்டையைப் பின்னால் மடித்து ஒரு கையில் பிடித்துப் படிக்கும் இதழுக்கும் இதே கதிதான். சேகரிப்பவர்கள் இதை ‘ஸ்பைன் ரோல்’ என்பார்கள். ஒருமுறை உருண்டால் வீட்டில் சரிசெய்வது கிட்டத்தட்ட முடியாது.

அதனால் முதல் இதழிலிருந்தே பை, போர்டு (இதழின் பின்னால் வைக்கும் விறைப்பான அட்டை), பெட்டி. அவ்வளவுதான் தேவை.

வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

புதியவர்கள் பணத்தை வீணடிப்பது இங்கேதான். அமெரிக்க இதழ்களின் அகலம் காலத்துக்குக் காலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பை விற்பவர்கள் அதற்கேற்ப மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கரண்ட்’ பை சுமார் 6⅞ அங்குல அகலம், ‘சில்வர்’ 7⅛, ‘கோல்டன்’ 7¾. உயரம் மூன்றுக்கும் 10½ அங்குலம். போர்டுகள் அதே வரிசையில் 6¾, 7, 7½ அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் இம்மியளவு மாறும்.

பெயரை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீர்கள்: போர்டு இதழைவிடச் சுமார் 3 மி.மீ. அகலம், பை போர்டைவிட 3 மி.மீ. அகலம். ஐரோப்பிய காமிக்ஸ் ஆல்பமோ ஜப்பானிய மங்கா காமிக்ஸோ, எதுவாக இருந்தாலும் இதே கணக்கில் அளந்து வாங்கலாம். பை இறுக்கமாக இருந்தால் உள்ளே தள்ளும்போது மூலை மடங்கும். தொளதொள என்றிருந்தால் இதழ் உள்ளே ஆடி ஆடி ஓரம் தேயும். எண்பது, நூறு பக்கச் சிறப்பிதழ்களுக்கு அகலம் சரியாக இருந்தாலும் தடிமன் இடத்தைத் தின்றுவிடும். அடுத்த பெரிய அளவை எடுங்கள்.

எந்த பிளாஸ்டிக்?

பாலிப்ராப்பிலீன் கண்ணாடிபோல் தெளிவு, கொஞ்சம் விறைப்பு. பாலிஎதிலீன் மென்மை, லேசான மங்கல். தொடங்குபவர்களுக்கு இரண்டில் எதுவானாலும் சரி. ஆனால் இரண்டும் நிரந்தரம் அல்ல. ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் உறை (மைலார் என்ற பெயரில் பிரபலம்) பல பத்தாண்டுகள் தாங்கும், விலையும் அதற்கேற்ப. எல்லா இதழுக்கும் அதை வாங்குவது வீண். பொக்கிஷமாக நினைக்கும் பத்துப் பதினைந்துக்கு மட்டும் போதும்.

தொடவே கூடாதது பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். புதிய மழைக்கோட்டைப் பிரித்ததுபோல் குப்பென்று வாசம் வந்தால் சந்தேகப்படுங்கள். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பி வர வழியே இல்லை.

போர்டில் ‘அமிலமற்றது’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இதழ்கள் அச்சான நியூஸ்பிரிண்ட் தாளில் லிக்னின் (மரத்தில் இயல்பாக உள்ள பொருள்) அதிகம். ஒளியும் காற்றும் பட்டு அமிலமாகி, பழுத்து, கடைசியில் பொடிப்பொடியாக உதிரும். போர்டில் சேர்த்திருக்கும் கால்சியம் கார்பனேட் அந்த அமிலத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும். சட்டை டப்பா அட்டையை வெட்டி வைப்பவர்கள் உண்டு. அது அமிலத்துக்கு இன்னும் அமிலம் ஊட்டுவது போல.

படி 1: கையும் மேசையும்

சோப்பு போட்டுக் கழுவி, முழுதாகத் துடைத்த கை. கிரீம் தடவிய கை வேண்டாம், கறுப்பு அட்டையில் விரல்ரேகை பளிச்சென்று பதியும். பஞ்சுக் கையுறையும் வேண்டாம், அதைப் போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும்.

படி 2: பையில் போடும் முன் சோதனை

இதழை மேசையில் வைத்து, முழுக்க விரிக்காமல் கால்வாசி மட்டும் திறந்து பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள் இரண்டு பின்னிலும் மாட்டியிருக்கிறதா? பின்னைச் சுற்றித் துரு இருக்கிறதா? கூப்பனை யாராவது கத்தரித்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி பழைய இதழ்களில் ரொம்ப முக்கியம். 1974இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் ‘வேல்யூ ஸ்டாம்ப்’ என்று வெட்டிச் சேர்க்கும் படங்களை அச்சடித்தது. பிள்ளைகள் சமர்த்தாக வெட்டினார்கள். அந்த வருடம் வெளிவந்த ஹல்க் 181ஆம் இதழ், வோல்வரின் என்ற நாயகன் முழுமையாக அறிமுகமாகும் இதழ் என்பதால் பெரும் விலை போவது. அட்டை எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே அந்தச் சதுரம் இல்லையென்றால் மதிப்பு பாதாளத்துக்குப் போகும்.

அளவும் ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். 1938இல் வந்த, சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை 1974இல் டிசி நிறுவனமே பெரிய அளவில் மறுபதிப்பு செய்தது. மேலட்டையை நீக்கினால் உள்ளே அசலின் அச்சு அசல் நகல், அதை அசல் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் மறுபதிப்பின் உயரம் பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். அசல் பத்தேகால் அங்குலம்தான். ஸ்கேல் போதும்.

இன்றைய அமெரிக்க இதழ் என்றால் பார்கோடைப் படியுங்கள். பெரிய கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கச் சின்னக் கோடு ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 01411 என்றால் 14ஆம் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 01421 அதே இதழின் மாற்று அட்டை. 01412 இரண்டாம் அச்சு. விற்பவர் ‘முதல் பதிப்பு’ என்று அடித்துச் சொன்னாலும் கடைசி இலக்கத்தை ஒரு பார்வை பாருங்கள். அட்டையில் உள்ள மாதத்தை வெளியான மாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழக்கமாக அது வெளியான மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிந்திய தேதி.

படி 3: உள்ளே நுழைத்தல்

போர்டின் பின்பக்க மேல் மூலையில் பென்சிலால் இன்றைய தேதியை எழுதுங்கள். பை மாற்ற வேண்டிய நேரம் அதிலிருந்துதான் தெரியும். இதழை வைத்த பிறகு எழுதினால் அழுத்தம் அட்டையில் பதியும், அதனால் முதலிலேயே.

போர்டின் வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அதன் மேல் இதழை வைத்து, நாலு பக்கமும் போர்டு துளி வெளியே தெரியும்படி நேராக்குங்கள். பையின் வாயை இரண்டு விரலால் விரித்து, போர்டும் இதழும் சேர்ந்தே உள்ளே போகட்டும். போர்டின் ஓரம் முன்னால் போய் வழி விடுவதால் இதழின் மூலை பையில் முட்டாது. எங்காவது தடுத்தால் தள்ளாதீர்கள். வெளியே இழுத்து மறுபடி தொடங்குங்கள். முதுகின் கீழ் மூலை மடங்குவது எப்போதும் அந்தக் கடைசித் தள்ளலில்தான்.

உள்ளங்கையால் அடியிலிருந்து மேலாகத் தடவிக் காற்றை வெளியேற்றி, பையின் வாயில் நீண்டிருக்கும் மடிப்பைப் போர்டின் பின்னால் மடியுங்கள்.

படி 4: டேப்

இரண்டு அங்குல டேப் ஒன்று, நடுவில். அதன் ஒரு நுனியை அரை செ.மீ. உள்பக்கமாக மடித்து ஒட்டுங்கள், பிறகு பிரிக்கப் பிடி கிடைக்கும். ஆபத்து மூடும்போது இல்லை, திறக்கும்போதுதான். மடிப்பில் தொங்கும் டேப், இதழை உருவும்போது அட்டையில் ஒட்டி மையை உரித்துக்கொண்டு வரும். நல்ல நிலையில் இருந்த இதழ் ஒரு நொடியில் பாழாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே டேப்பைப் பிரித்ததும் பையின் முதுகில் ஒட்டிவிட்டு, அப்புறம் இதழைத் தொடுங்கள். ஒட்டு வைத்தே வரும் பைகளில், பசை மடிப்பில் இல்லாமல் பையின் உடலில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: பெட்டி

‘ஷார்ட் பாக்ஸ்’ எனப்படும் சிறிய பெட்டியில் பையிட்ட இதழ்கள் சுமார் 150 பிடிக்கும், நீளப் பெட்டியில் ஏறக்குறைய இருமடங்கு. நிரம்பிய நீளப் பெட்டியைத் தூக்க ஆள் தேடவேண்டி வரும், சிறியதே உத்தமம். இதழ்கள் நின்றபடி இருக்கட்டும். உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கும் அளவு இடம் விடுங்கள். பெட்டி பாதிதான் நிரம்பியிருந்தால் வெறும் போர்டுக் கட்டையோ நுரையோ வைத்து முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்து வளையும்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரம், வெயில் படாத உள்சுவர். 18 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நல்லது. ஈரப்பதம் 65ஐத் தாண்டினால் பூஞ்சை, துரு, பிறகு ராமபாணப் பூச்சி. சிலிக்கா ஜெல் பொட்டலம் அட்டைப் பெட்டியில் போட்டுப் பயனில்லை, அறையின் ஈரத்தையே குடித்துச் சில நாளில் நிறைந்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் அதற்கு வேலை. பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அந்த நாற்றம் தாளை விட்டுப் போகாது.

படி 6: பட்டியல்

ஒரு விரிதாள் போதும்: தலைப்பு, தொகுதி, எண், ஆண்டு, அட்டை, அச்சு, நிலை, கொடுத்த விலை, பெட்டி எண். ‘தொகுதி’யை விட்டுவிடாதீர்கள். ஒரே தலைப்பு பலமுறை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியிருக்கும். அது இல்லாமல் எழுதினால் வைத்திருக்கும் இதழையே இன்னொரு முறை வாங்குவீர்கள். பழைய விவரங்களுக்கு, தன்னார்வலர்கள் 1994 முதல் தொகுத்துவரும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் இணையத்தில் இலவசம்.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியிலும் முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இதழை உருவிப் பாருங்கள். பை மஞ்சளடித்து அலைஅலையாக நெளிந்திருந்தால், அல்லது போர்டின் ஓரம் பழுத்திருந்தால், அந்தப் பெட்டி முழுக்க மாற்ற வேண்டிய முறை வந்துவிட்டது. சுவரை ஒட்டி நிற்கும் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்.