வள்ளுவரையும் காண்டையும் மோதவிடுவதற்கு முன்: அறக்கோட்பாடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் தத்துவஞானி காண்ட் சொன்னது சரியா ஆங்கிலத் தத்துவஞானி மில் சொன்னது சரியா, கீதையும் காண்டும் ஒன்றா, எல்லா மதமும் கடைசியில் ஒரே அறத்தைத்தானே சொல்கிறது என்று நடக்கும் விவாதங்கள் பல, தொடங்கிய இடத்திலேயே தடம் புரண்டுவிடுகின்றன. ஒப்பிடுவது தப்பில்லை. சொல்லப்போனால் ஒப்பிடாமல் எந்தக் கோட்பாட்டையும் ஒழுங்காகப் புரிந்துகொள்ள முடியாது. எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்று பார்க்காமல் வைப்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் "பொய் சொல்லலாமா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டே இதைப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லா மரபும் இதைத் தொட்டிருக்கிறது, வழுக்கி விழுபவர்கள் அதிகம் விழுவதும் இங்கேதான்.

முதல் தவறு, ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து ஒருவருக்குப் பட்டம் கட்டுவது. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற 292ஆம் குறளைக் காட்டி, வள்ளுவர் ஆங்கிலத் தத்துவஞானி பெந்தாமுக்கு முன்பே பயன்வாதத்தைச் சொல்லிவிட்டார் என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1789இல் பெந்தாம் முன்வைத்த பயன்வாதம் என்ன சொல்கிறது? ஒரு செயல் சரியா தவறா என்பதை அதனால் விளையும் மொத்த இன்பமும் துன்பமும்தான் தீர்மானிக்கும், வேறெதுவும் இல்லை. வள்ளுவர் அப்படி எங்கே சொன்னார்? அதே அறத்துப்பாலில் மூன்று அதிகாரம் தள்ளிப் போனால் 323ஆம் குறள் இருக்கிறது: "ஒன்றாக நல்லது கொல்லாமை மற்றதன் பின்சாரப் பொய்யாமை நன்று." கொல்லாமை முதலில், பொய்யாமை அதற்கு அடுத்து. இது அறங்களை வரிசைப்படுத்துவது, நன்மைகளைக் கூட்டிக் கழிப்பதிலிருந்து ரொம்பவே வேறுபட்டது. இந்த வரிசையோடு சேர்த்துப் படித்தால், ஓர் உயிரைக் காக்கச் சொல்லும் பொய்க்கு இடம் கிடைப்பது வாய்மைக்கு மேலே இன்னோர் அறம் இருப்பதால்தான் என்று 292ஐயும் வாசிக்க முடியும். இன்னும் கொஞ்சம் தள்ளி 328: "நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக் கொன்றாகும் ஆக்கங் கடை." எவ்வளவு பெரிய நன்மை வந்தாலும் கொன்று வரும் ஆக்கம் கடைப்பட்டது என்கிறார். பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்று 656இல் சொல்கிறவரைப் பயன்வாதி என்று எப்படி அழைப்பது?

அதற்காக அவரை, விளைவு எதுவானாலும் அறவிதியை மீறக் கூடாது என்ற காண்டின் பக்கம் தள்ளிவிடவும் கூடாது. வாய்மையும் கொல்லாமையும் வருவது துறவறவியலில். அரசனைப் பற்றிப் பேசும் பொருட்பாலில், கொடியவர்களை வேந்தன் கொலையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார் (550). யாருக்குச் சொல்லப்பட்ட அறம் என்பதை விட்டுவிட்டு வெறும் வரிகளை ஒப்பிட்டால் வள்ளுவர் தனக்குத் தானே முரண்படுவதாகத்தான் தோன்றும்.

மகாபாரதத்துக்கும் இதே கதி நேர்கிறது. கர்ண பருவத்தில் கிருஷ்ணன் ஒரு கதை சொல்கிறான்: ஒளிந்திருந்தவர்கள் எங்கே என்று கொள்ளையர்கள் கேட்க, உண்மை மட்டுமே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகர் காட்டிக் கொடுக்கிறார், அவர்கள் கொல்லப்படுகிறார்கள், அவர் நரகத்துக்குப் போகிறார். துரோண பருவத்திலோ, அசுவத்தாமன் இறந்தான் என்ற தருமனின் அரைகுறைப் பொய்க்குப் பிறகு, அதுவரை தரையில் படாமல் ஓடிய அவன் தேர் தரையில் இறங்கிவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் காட்டி "இந்து மரபு இதைத்தான் சொல்கிறது" என்று பேசுவது நேர்மையில்லை. அந்தக் காப்பியம் தனக்குள்ளேயே வாதாடுகிறது, அதை ஒரு சட்டப் புத்தகம் மாதிரி படிக்கக் கூடாது.

அடுத்தது, எதிர்த்தரப்பைக் கேலிச்சித்திரமாக்கி அடிப்பது. இதில் அதிகம் அடிபடுபவர் காண்ட். கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று அவர் எழுதியது உண்மைதான், 1797இல் எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்குப் பதிலாக எழுதிய சிறு கட்டுரையில். எனக்கும் அந்த முடிவு ஏற்புடையதில்லை. ஆனால் அந்த ஒரு கட்டுரையோடு காண்ட் முடிந்துவிட்டார் என்பது சோம்பேறித்தனம். காண்டின் வழி நிற்கும் கிறிஸ்டின் கோர்ஸ்கார்ட் 1986இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் பொதுவிதியாக்க முடியுமா என்ற காண்டின் சோதனையே அந்தக் கொலைகாரனிடம் பொய் சொல்ல இடம் தருகிறது என்று வாதிடுகிறார். கோட்பாடு வேறு, அதை உருவாக்கியவர் ஒரு நாள் அதிலிருந்து எடுத்த முடிவு வேறு. மனிதரைக் கருவியாகப் பயன்படுத்தவே கூடாது என்று காண்ட் சொன்னதாகவும் பரவியிருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது ஓட்டுநரை நாம் ஊர் போய்ச் சேரும் வழியாகத்தான் பயன்படுத்துகிறோம், காண்ட் அதைத் தடுக்கவில்லை. வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றுதான் சொன்னார்.

பெந்தாமின் வழியில் வந்த பயன்வாதியான மில்லுக்கு வேறு வகை அநியாயம். இன்பம் என்று எழுதிவிட்டதால் சுயநலக்காரர் என்று முத்திரை. தன் இன்பத்துக்கும் பிறர் இன்பத்துக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாத பார்வையாளனைப் போல இருக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். சுயநலத்தின் நேர் எதிர்ப்பக்கம் அது, பலருக்கும் தாங்க முடியாத அளவுக்குக் கடினமானதும்கூட. பொய்யைப் பற்றியும் அவர் லாபக் கணக்குப் போடவில்லை. வாய்மை புனிதமான விதி என்று ஏற்றுக்கொண்டு, தீயவனிடம் தகவலை மறைப்பது, உயிருக்குப் போராடும் நோயாளியிடம் கெட்ட செய்தியை மறைப்பது போன்ற சில விலக்குகளை மட்டுமே சொல்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தும் அவரிடம் சொல்லலாமா என்று தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அவர்களுக்கு மில்லைக் கேலிச்சித்திரமாகக் காட்டி என்ன பயன்?

இன்னொன்று, மத அறம் என்றாலே கடவுள் கட்டளை என்று நினைத்துக்கொள்வது. வேதத்தின் விதிகளை ஆராயும் தத்துவ மரபான மீமாம்சையில் வேத விதிக்கு ஆசிரியரே கிடையாது, கடவுள் உட்பட. பௌத்தத்துக்கும் சமணத்துக்கும் கட்டளையிட ஒரு படைப்புக் கடவுள் இல்லை. அப்புறம் அந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் தப்பு. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது, அது போதாது என்று சமணர்கள் கடுமையாக மறுத்தார்கள். தமிழிலேயே நீலகேசி என்ற சமணக் காப்பியம், பௌத்தர்களின் குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. கடவுளை ஏற்கும் மதங்களுக்குள்ளும் இந்தப் பிளவு உண்டு: கடவுள் கட்டளையிட்டதால்தான் நல்லது நல்லதாகிறது என்றார்கள் இஸ்லாத்தின் அஷ்அரிகள், நன்மை தீமையைப் பகுத்தறிவாலேயே அறியலாம் என்றார்கள் முஃதஸிலாக்கள். எல்லாப் பொய்யும் பாவம் என்பதில் கிறிஸ்தவ இறையியலாளர்களான அகஸ்டினும் அக்வினாஸும் ஒன்றுபட்டாலும், பிறருக்கு உதவச் சொல்லும் பொய் சிறு பாவமே என்று அக்வினாஸ் தரம் பிரிக்கிறார். "கிறிஸ்தவம் சொல்கிறது", "இஸ்லாம் சொல்கிறது" என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதும் முன் யார், எந்த மரபு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு, எல்லாம் ஒன்றே என்பது. உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பதைக் கன்பூசியஸும் சொன்னார், வள்ளுவரும் சொன்னார் (316), மத்தேயு நற்செய்தியில் இயேசு அதையே செய்யச் சொல்லும் வடிவில் தந்தார். ஒற்றுமை உண்மைதான். ஆனால் 1785இல் காண்ட் ஓர் அடிக்குறிப்பில் அதை ஒதுக்கிவிடுகிறார்: இந்த விதியை வைத்துக் குற்றவாளி நீதிபதியிடமே வாதாடலாமே, நீ என் இடத்தில் இருந்தால் தண்டனையை விரும்புவாயா என்று.

கீதையும் காண்டும் ஒன்று என்பதும் இந்த வகைதான். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற அளவில் சரி. ஆனால் அர்ஜுனனின் கடமை சத்திரியனின் கடமை. பிறர் தருமத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தருமத்தைக் குறையோடு செய்வதே மேல் என்கிறது மூன்றாம் அத்தியாயம். காண்டின் விதி பிறப்பும் குலமும் பாராமல் பகுத்தறிவுள்ள எல்லோருக்கும் ஒன்றே. சாதியால் அடிபட்ட நாட்டில் இருந்துகொண்டு இந்த வித்தியாசத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, ஆளையும் கோட்பாட்டையும் குழப்புவது. மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சுதந்திரம் பற்றி 1859இல் எழுதியபோது, பின்தங்கிய சமூகங்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார். இதை மறைக்கக் கூடாது, மன்னிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் "அதனால் பயன்வாதம் பொய்" என்று ஒரே தாவாகத் தாவினால் வாதம் நிற்காது, ஏனென்றால் ஒவ்வொருவரின் நலனும் சமம் என்ற அவருடைய சொந்த விதியை வைத்தே அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிடலாம். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: இன்னொருவரின் நன்மை எது என்று அவரைக் கேட்காமலேயே கணக்குப் போட அந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது?