ஏ4 ஓவியமே ஏ2 போஸ்டருக்குப் போதும்

ஏற்காடு ஏரிக்கரையில் ஏ4 தாளில் மையால் வரைந்த கோட்டோவியத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கிரேஸ்கேலில் (கறுப்பு-வெள்ளை-சாம்பல் சாயலில்) ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லஸ்ட்ரேஷன் பாடத்துக்கு வரைந்த அதே படம், கிராஃபிக் டிசைன் பாடத்தின் ஏ2 போஸ்டருக்கும் ஆகும். 600 டிபிஐயில் ஏ4 தாள் சுமார் 4960 × 7016 பிக்சல் தரும். 300 டிபிஐயில் ஏ2 அச்சுக்கு வேண்டியதும் அதேதான். சேலத்தில் பெரிய ஸ்கேனர் தேடி அலைய வேண்டாம்.

ஏ2-வின் நீளமும் அகலமும் ஏ4-ஐப் போல இரு மடங்கு என்பதால் கோட்டின் தடிமனும் இரட்டிப்பாகும்: 0.3 மி.மீ. கோடு 0.6 ஆகிவிடும், அதனால் மெல்லிய பேனாவே நல்லது. மலைப்பனியில் ஈரம் வாங்கிய தாளில் மை கசியும். பெரிதாக்கினால் அது பல்லிளிக்கும். தாளை நன்றாக உலரவிட்டு வரையுங்கள்.

வாட்டர்கலருக்கு இது ஒத்துவராது, தாளின் சொரசொரப்பும் சேர்ந்து பெரிதாகும். அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகள்தான் மிஞ்சும்.