கூப்பிட்டால் நாய் திரும்பவில்லையா? காதைப் பார்க்கும் முறை

செவிடோ என்று பயப்படுவதற்கு முன் காதில் நோய் இருக்கிறதா பாருங்கள். வீங்கி அழுக்கு அடைத்த காதிலும் சத்தம் மந்தமாகத்தான் விழும்.

1. தொடாமல் கவனியுங்கள்

தலையை அடிக்கடி உதறுகிறதா, பின்னங்காலால் காதைச் சொறிகிறதா? தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, கண்மணி தானாக ஆடினாலோ நோய் நடுக்காது, உள்காது வரை போயிருக்கலாம். அப்படியானால் மற்ற படிகளை விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

2. மடலைத் தூக்கி முகருங்கள்

ஆமாம், மூக்கை வைத்துத்தான். இரண்டு காதையும் ஒப்பிடுங்கள். நல்ல காதின் உட்புறம் வெளிர் இளஞ்சிவப்பாக, பெரிய வாடை இல்லாமல் இருக்கும். காப்பித்தூள் போலக் கருப்பாக உதிர்ந்தால் காதுச் சிற்றுண்ணி என்ற சந்தேகம் வரும்; குட்டிகளிடம் இது அதிகம். பழுப்பாகப் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சள் சீழும் நாற்றமும் பாக்டீரியாவைக் காட்டும். ஆனால் இதெல்லாம் ஊகம்தான். மடல் பலூன் போல உப்பியிருந்தால் உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள்.

3. எதையும் ஊற்றாதீர்கள்

நம் வீடுகளில் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். வேண்டாம். நாயின் காதுக்குழாய் நேராக இறங்கிப் பிறகு உள்ளே மடங்குகிறது, 'ட' எழுத்தைப் போல. அதனால் செவிப்பறை நம் கண்ணுக்குத் தெரியாது. அது கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடலாம். பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

4. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"செவிப்பறை முழுசா இருக்கா? அழுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா?" இந்த இரண்டும் தெரியாமல் சொட்டு மருந்து தொடங்குவது குருட்டடி. சரியாகிச் சரியாகித் திரும்ப வந்தால் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. காது சுத்தம், ஆனாலும் திரும்பவில்லை

நாய் தூங்கும்போது, அதன் பார்வை படாத இடத்திலிருந்து பிஸ்கட் கவரைக் கசக்குங்கள். கை தட்டவோ தரையை மிதிக்கவோ கூடாது. காற்றும் அதிர்வும் காட்டிக்கொடுத்துவிடும். செவிட்டு நாய் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றுவதில் கெட்டி! செவி அசைந்தால் ஒரு காதாவது கேட்கிறது. ஆனால் ஒரு காது மட்டும் செவிடானால் இந்தச் சோதனையில் பிடிபடாது; சத்தம் வந்த திசை தெரியாமல் விழிப்பது மட்டும்தான் அடையாளம்.

பிறவிச் செவிடு பெரும்பாலும் வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டுமோ கேட்கவில்லை. நம் வெள்ளை ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் உண்டு.

6. உறுதி செய்ய 'பேர்' (BAER) எனும் செவித்திறன் சோதனை

தலைத்தோலில் மெல்லிய ஊசிமுனைகள் வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'டிக் டிக்' ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் மின் அலையைப் பதிவு செய்வார்கள். குட்டிக்கு 5, 6 வாரம் ஆனாலே செய்யலாம். கேட்கும் காதுக்கு மேடு மேடாக அலை வரும். கேட்காத காதுக்குக் கோடு தட்டையாக ஓடும்.